புதுப்பிப்பு: வார்ஃபரினும் மூட்டுவலி மாத்திரையும்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்ளும் என் தந்தையின் முன்கையில் அடிபடாமலேயே நீலம் பாரித்த இரத்தக்கட்டுகள் தோன்றியதையும், 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டிய அவருடைய ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு; கூடினால் இரத்தக்கசிவு அபாயம்) 4.6 ஆக உயர்ந்ததையும் முன்பு எழுதியிருந்தேன்.

காரணம் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. மருத்துவர் கேட்டபடி வீட்டிலிருந்த எல்லா மருந்து டப்பாக்களையும் ஒரு பையில் கொண்டுசென்றோம். அவற்றுள், ஆறு வாரங்களாக அவர் யாரிடமும் சொல்லாமல் மூட்டுவலிக்கு எடுத்துவந்த குளுக்கோசமைன் என்ற சத்து மாத்திரையும் இருந்தது. அது வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர் அதை நிறுத்தி, வார்ஃபரினையும் ஒரு வேளை தவிர்க்கச் சொன்னார். பத்து நாளில் அளவு 2.7-க்கு இறங்கியது.

சத்து மாத்திரைகள் அனைத்தையும் உடனே நிறுத்தும்படி பலர் சொல்லியிருந்தீர்கள். அக்கறைக்கு நன்றி, ஆனால் அது எப்போதும் பாதுகாப்பானதன்று. அவர் ஆண்டுக்கணக்கில் எடுத்துவரும் மல்டிவைட்டமினின் லேபிளில், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில், வைட்டமின் கே 25 மைக்ரோகிராம் என்றிருக்கிறது. வைட்டமின் கே வார்ஃபரினின் வீரியத்தைக் குறைக்கும். வார்ஃபரினின் அளவே அதையும் சேர்த்துத்தான் நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், அதைத் திடீரென நிறுத்தினால் ஐ.என்.ஆர். மீண்டும் ஏறக்கூடும். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை வேறு வகை: கல்லீரல் வார்ஃபரினை விரைவாகச் சிதைக்கும்படி செய்து, இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறது.

இப்போது எதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரத்திற்குள் ஐ.என்.ஆர். பார்க்கிறோம்.