86 வயது, பித்தநாளக் கல், பிபி 84/50: இன்றிரவே ஈஆர்சிபி (வாய்வழியே எண்டோஸ்கோப் விட்டுப் பித்தநாள அடைப்பைத் திறப்பது) செய்யலாமா?

கேள்வி (இரவுப்பணி மருத்துவர்):
பாட்டிக்கு பித்தநாளத்தில் இரண்டு கல், நாளம் 14 மி.மீ. விரிந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, வலி என்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து ஆள் தெரியாமல் உளறுகிறார். பிலிருபின் (காமாலை அளவு) 7.2, கிரியாட்டினின் (சிறுநீரக அளவு) 2.1, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு; கூடினால் கசிவு பயம்) 1.8. பிபியைத் தூக்க நார்அட்ரினலின் ஓடுகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் எடுக்கிறார். க்ளோபிடோக்ரெலை நிறுத்தி ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கில் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டாரோ "இந்த வயசுல தாங்குவாங்களா?" என்று கேட்கிறார்கள்.

குடல்நோய் பிரிவு:
ஐந்து நாள் இவர் தாங்க மாட்டார், டாக்டர். இது பித்தநாளத்தில் கிருமித்தொற்று (கோலாஞ்சைட்டிஸ்). ஷாக் (பிபி சரிந்து மருந்தால் தாங்கும் நிலை), குழப்பம், கிரியாட்டினின் 2-க்கு மேல், ஐஎன்ஆர் 1.5-க்கு மேல்: 2018 டோக்கியோ வழிகாட்டுதல்படி இதில் ஒன்று இருந்தாலே மூன்றாம் நிலை, அதாவது மிகக் கடுமையானது. ஷாக் வந்துவிட்டால் 12 மணி நேரத்துக்குள் பித்தத்தை வடித்துவிட வேண்டும் என்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம். அடைபட்ட நாளத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக இறங்காது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் உளறல் மட்டும் வருவதும் சகஜம்.

க்ளோபிடோக்ரெல் ஓடும்போது பாப்பிலாவை (நாளம் குடலில் திறக்கும் வாயை) வெட்டத்தான் கூடாது. வெட்டாமலே நாளத்துக்குள் ஸ்டென்ட் வைக்கலாம். ஒயர் நாளத்துக்குள் போனதும் முதலில் பித்தத்தை உறிஞ்சுங்கள். சீழ் வந்தால் கல்ச்சருக்கு (கிருமிச் சோதனைக்கு) அனுப்புங்கள். அதன் பிறகுதான் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் நாளத்தைக் காட்டும் திரவம்), அதுவும் சில மில்லி மட்டும். நிறைந்த நாளத்தில் அழுத்தி ஏற்றினால் கிருமி நேராக ரத்தத்துக்குப் போகும். 7 அல்லது 10 பிரெஞ்ச் (குழாய் தடிமன் அளவு) பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து வெளியே வந்துவிடுங்கள். "வந்ததுதான் வந்தோம், கல்லையும் எடுத்துவிடலாம்" என்ற ஆசையில்தான் பல கேஸ்கள் கெடுகின்றன. கல்லுக்கு இன்னொரு நாள் இருக்கிறது.

ஈஆர்சிபி-க்குப் பின் கணைய அழற்சி வராமல் தடுக்க வழக்கமாக ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனாக் 100 மி.கி. சப்போசிட்டரி, இந்தக் கிரியாட்டினினுக்கு வேண்டாம்.

மயக்கவியல்:
இந்த வயதில் பயம் மூச்சிலும் பிபியிலும்தான். குப்புறப் படுக்க வைத்து, இருட்டறையில், கூடவே ப்ரோபோஃபோல் என்ற மயக்க மருந்து. வழக்கமான அளவில் பாதியில் தொடங்கி, சிறுகச் சிறுக ஏற்றுங்கள். ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் மருந்து பிடிக்க நேரமாகும், அதற்குள் அடுத்த டோஸ் போட்டால் மூச்சு நின்றுவிடும். ஆக்சிஜன் ஓடும்போது சாச்சுரேஷன் தாமதமாகத்தான் இறங்கும், அதனால் கேப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) கட்டாயம். உளறுபவருக்கு, வாந்தியும் இருந்தால், மூச்சுக்குழாயில் குழாய் போட்டுவிடுவதே பத்திரம். பல்செட்டைக் கழற்றியாகிவிட்டதா என்று வாயைத் திறந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வெளியிலிருந்து பிடிபிடி (தோல்வழியே ஊசி குத்திப் பித்தத்தை வடிக்கும் குழாய்) போட்டால் மயக்கமே வேண்டாமே?

குடல்நோய் பிரிவு:
ஊசி கல்லீரலைக் குத்திக்கொண்டு போக வேண்டும். ஐஎன்ஆர் 1.8, இரண்டு பிளேட்லெட் மருந்து; ரத்தக் கசிவு பயம் அதில்தான் அதிகம். ஈஆர்சிபி முடியாமல் போனால் அது அடுத்த வழி. வைட்டமின் கே 10 மி.கி. மெதுவாக ஐவி-யில் போடுங்கள். அது வேலை செய்யப் பல மணி நேரமாகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்குப் பிறகும் க்ளோபிடோக்ரெல் தேவையா என்று இதய மருத்துவரிடம் காலையில் கேட்டுவிடுங்கள்.

ஐசியூ செவிலியர்:
முடிந்த பிறகு, பாட்டி வலியென்று சொல்லவில்லை என்பதால் வலி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வயிற்றைத் தொட்டால் முகம் சுளிக்கிறாரா, நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். கழுத்துத் தோலை அழுத்தினால் நொறுநொறுவென்றால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், உடனே கூப்பிடுங்கள். நான்கு மணி நேரத்தில் லைப்பேஸ் (கணைய அழற்சிக்கான ரத்தச் சோதனை). ஆன்டிபயாடிக் நாள் கணக்கு, வடித்த நாளிலிருந்து 4 முதல் 7. டிஸ்சார்ஜ் அட்டையின் மேலேயே "பித்தநாளத்தில் ஸ்டென்ட் உள்ளே, மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும்" என்று தேதியோடு எழுதி, மகனோ மகளோ யார் கூட்டி வருவார்களோ அவர் போனிலும் அந்தத் தேதியைக் குறிக்கச் சொல்லுங்கள்.