பதில்: கப்சூலுக்கு 'உறை' போதுமா?

அண்ணை, வணக்கம்.

பற்றீரியாவின் சுவருக்கு வெளியே படிந்திருக்கும் களிப் படைதான் கப்சூல்; அதற்குத் தமிழில் 'உறை' என்று எழுதியிருந்தீங்கள். வைரசுக்கு அதைக் கொடுத்துக் கனகாலம். நாளைக்கு ஒருவர் 'உறையற்ற திரிபு' என்று எழுதினால் வைரசா, பற்றீரியாவா? போதாததற்கு இரத்தமும் உறைகிறது.

தம்பி சொன்ன 'கவசம்' காதுக்கு நல்லாயிருக்கு, ஆனால் பொருந்தாது. சர்பத்தில் ஊறின கசகசாவைப் பாருங்கோ: நடுவில் கறுப்பு விதை, சுற்றிவரக் கண்ணாடி மாதிரிக் களி. இந்திய மை என்கிற கறுப்பு மையில் கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பற்றீரியாவைச் சுற்றியும் அப்படியொரு வெளிறிய வளையம். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதோடு, கோழிக் கொலராவை உண்டாக்கும் பாசுடரெல்லா என்ற பற்றீரியாவின் ஏ வகை, வெல்லங்கள் (சீனி மூலக்கூறுகள்) கோத்த தொடரான ஹயலூரோனிக் அமிலத்தைச் சுற்றிக்கொள்கிறது. விலங்கின் மூட்டுத் திரவத்தில் இருப்பதும் அதே சாமான். வீட்டுக்காரனின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வருகிற கள்ளன்! ஆகவே என் சொல் 'போர்வை'.

பரம்பரையலகு (ஜீன்) பக்கத்திலும் இது வசதி. ஏ வகையில் போர்வைக்கான அலகுகள் மூன்று பகுதியாக அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நடுப்பகுதி வெல்லங்களைக் கோக்கிறது, ஒரு பக்கம் வெளியே கடத்துகிறது. வகைக்கு வகை மாறுவது அந்த நடுப்பகுதிதான். 2001இல் வந்த பீசீஆர் முறை (டீஎன்ஏயின் குறித்த துண்டைப் பெருக்கிப் பார்ப்பது) அதைப் பிடித்தே ஏ, பீ, டீ, ஈ, எஃப் என்று பிரிக்கிறது. எங்கட வன்னிப் பட்டி மாடுகளைத் தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து விழுத்துகிற தொண்டையடைப்பானுக்கு ஆசியாவில் இதே பாசுடரெல்லாவின் பீ வகை காரணம், ஆபிரிக்காவில் ஈ வகையும் உண்டு. 'போர்வை வகை பீ', 'போர்வையிழந்த திரிபு': இரண்டும் தடக்காமல் வருகுது.

'சீனிப்போர்வை' என்று மட்டும் போட வேண்டாம். அடைப்பான் (அந்திராக்ஸ்; மேலே சொன்ன தொண்டையடைப்பான் வேறு) கிருமியின் போர்வையில் வெல்லமே இல்லை. அது குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் தொடர். அதற்கான அலகுகளும் நிறமூர்த்தத்தில் இல்லை, அதற்குப் புறம்பாக இருக்கிற சின்ன டீஎன்ஏ வளையமான பிளாசுமிட்டில். வெல்லத்தால் ஆனதைக் குறிக்க வேண்டியபோது 'பல்சக்கரைட்டுப் போர்வை' (பல வெல்லங்கள் கோத்த போர்வை) என்போம்.

—

தங்கச்சி,

'உறை'யைத் திருப்பி எடுத்துக்கொள்கிறன். கிளிநொச்சியில் ஒரு வகுப்பில் கப்சூல் என்றதும் "பற்றீரியாவும் குளிசை போடுமோ சேர்?" என்று ஒரு பெடியன் கேட்டவன். அன்றைக்கே விளங்கியிருக்க வேணும்.

ஒன்று மட்டும். இறுக ஒட்டாமல், கழுவினால் கழன்றுபோகிற படையும் இருக்கல்லோ? அதையும் போர்வை என்றால் திரும்பவும் குழப்பம். மீன் மேலே வழுக்குவதை எங்கட ஆக்கள் 'வழும்பு' என்கிறார்கள். ஒட்டிநிற்பது போர்வை, கழன்றுபோவது வழும்புப்படை. சம்மதமோ?