மாடா, மனிதனா? பொதுக் கிணற்றில் ஒரு வழக்கு

கொழிஞ்சாம்பாறைக்காரி: நாங்கள் கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கிணறு. தண்ணீரை லேபில் கொடுத்தோம், ஈகோலை என்கிற மலக் கிருமி இருக்கிறதாம். அன்றிலிருந்து பக்கத்து வீட்டார் என் நாலு மாடுகளைத்தான் கை காட்டுகிறார்கள். தொழுவம் பள்ளத்தில் இருக்கிறது. அவர்கள் கக்கூஸ் குழி மேட்டில், கிணற்றிலிருந்து பன்னிரண்டே அடியில். மாட்டுக்கு வாயில்லை என்று இப்படியா?

லேப் தம்பி: அக்கா, ஈகோலை மனுசன், மாடு, கோழி எல்லார் குடலிலும் உண்டு. அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. பாக்டீராய்டீஸ் என்று இன்னொரு பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது. காற்றில்லாத குடலுக்குள் வாழ்வது, கிணற்றில் விழுந்தால் பெருகாது. மனுசக் குடலில் இருப்பதற்கும் மாட்டில் இருப்பதற்கும் மரபணுவில் வித்தியாசம் உண்டு. மனுசக் கழிவுக்கு எச்எஃப்183 என்ற மரபணு அடையாளத்தை 2000இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டார்களே, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிற அந்த பிசிஆர் சோதனைதான் இதற்கும்.

சித்தூர் பழசு: தம்பி, கொசுவுக்குப் பீரங்கியா? கேரளக் கட்டட விதியில் குடிநீர்க் கிணற்றுக்கு 7.5 மீட்டருக்குள் குழி கூடாது. டேப்பைப் பிடித்தால் முடிந்தது. அப்புறம், யாருடையதானாலும் குடிக்கக் கூடாது. 100 மில்லியில் ஒரு ஈகோலைகூட இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. மாட்டுச் சாணத்திலும் ஓ157 மாதிரி ஆளைச் சாய்க்கிற ரகம் உண்டு.

லேப் தம்பி: குடிக்கச் சொல்லவில்லை அண்ணே, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஆனால் குழி தப்பு என்று டேப் சொல்லும், தொழுவம் சுத்தம் என்று அது சொல்லாது. எதை முதலில் இடிப்பது?

சித்தூர் பழசு: உன் எச்எஃப்183 நாய், கோழி எச்சத்திலும் சில நேரம் தலைகாட்டுமாமே. அந்த வீட்டில் கோழி இல்லாமல் இருக்குமா?

லேப் தம்பி: காட்டும், ஒப்புக்கொள்கிறேன். அதனால் அளவையும் பார்க்க வேண்டும். மனுசனுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று இரண்டு அடையாளத்தையும் சேர்த்து ஓட்ட வேண்டும். உங்கள் ஊர்ச் சாணம், கோழி எச்சம் இரண்டையும் முதலில் சோதித்துவிட்டால் இன்னும் நல்லது. இன்னொன்று, இந்த அடையாளம் சில நாளில் மங்கிவிடும். வெயில் காலத்தில் எடுத்து 'இல்லை' என்று வந்தால் யாரும் விடுதலை ஆகிவிட முடியாது.

கொழிஞ்சாம்பாறைக்காரி: அண்ணே, டேப் பிடித்தாயிற்று. 3.6 மீட்டர். 'குழி முதலில் வந்தது, கிணறு 2016 வறட்சியில் வெட்டியது' என்கிறார்கள். விதியில் ஏற்கனவே இருக்கிற கிணறு என்றுதான் போட்டிருக்கிறதாம், அதனால் அவர்கள் குழிக்கு அது பொருந்தாதாம்.

சித்தூர் பழசு: அட, விவரமான ஆட்கள்தான். சரி, மாட்டு அடையாளமும் வந்தால் என்னம்மா செய்வாய்?

கொழிஞ்சாம்பாறைக்காரி: தொழுவத்தைத் தெற்கே தள்ளிப் போடுகிறேன், வேறென்ன. கழுவிவிடுகிற தண்ணீர் மழைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று நானும் இதுவரை நின்று பார்த்ததில்லை. அடுத்த மழை விட்டதும் இரண்டு வீட்டார் முன்னாலேயே மொண்டு எடுக்கப் போகிறேன். தண்ணீரைக் கெடாமல் கொண்டுபோக ஐஸ் பெட்டிக்கு மீன்காரரிடம் சொல்லியாயிற்று.