‘ஏரியா பாம்பிங்’, ‘ஃபயர்ஸ்டார்ம்’: வெள்ளிக்குள் இரண்டு சொல் வேண்டும்

ம. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். 1943இல் பிரிட்டிஷ் விமானப்படை ஹாம்பர்க் நகரின் மேல் நடத்திய குண்டுவீச்சு பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். ஒரு குறியை மட்டும் அல்லாமல் நகர்ப் பகுதி முழுவதையும் குண்டுவீசித் தாக்கும் ‘ஏரியா பாம்பிங்’, அதனால் மூண்டு காற்றை இழுத்து எரியும் பெருந்தீயான ‘ஃபயர்ஸ்டார்ம்’ இரண்டிலும் மாட்டிக்கொண்டேன். இப்போதைக்குப் ‘பரப்புக் குண்டுவீச்சு’, ‘தீப்புயல்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். திரையில் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும், ஆகவே விளக்கமாக எழுத வழியில்லை.

இரா. எழுதியது:
தீப்புயல் கூடாது. பழந்தமிழில் புயல் காற்றே அல்ல, மேகம், மழை. ‘ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்ற குறளைப் பாருங்கள், அங்கே புயல் வராவிட்டால்தான் உழவனுக்குக் கேடு. அப்படிப் பார்த்தால் தீப்புயல் தீமழை ஆகிவிடும். மழையாக விழுந்தவை எரிகுண்டுகள், நீங்கள் கேட்பது அதற்குப் பின் எழுந்ததற்கு. சூறை என்றாலே சுழல்காற்று. ‘எரிசூறை’ என்று வையுங்கள், வினைத்தொகை, ஒற்றுத் தொல்லையும் இல்லை, சூறையாடிய பொருளும் கூடவே வந்துவிடுகிறது.

க. எழுதியது:
ஐயா, வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புயல் என்றால் மேகம் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றாது. படம் பார்ப்பவர் உரையாசிரியரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டா பார்ப்பார்?

செ. எழுதியது:
இயற்பியல் வாத்தியாராக ஒரு வார்த்தை. ஜூலை 27 இரவு ஹாம்பர்க்கின் ஹாமர்புரூக் பகுதியில் நடந்தது இதுதான். வெயில் காய்ந்து ஊரே வறண்டு கிடந்தது. பெருங்குண்டுகள் கூரையையும் சன்னலையும் பிய்த்து எறிந்தன, சிறிய எரிகுண்டுகள் உள்ளே விழுந்து பற்ற வைத்தன. தனித்தனித் தீக்கள் ஒன்றாகச் சேர்ந்து வெப்பக் காற்று தூணாக மேலே ஏறியது, அந்த வெற்றிடத்தை நிரப்பச் சுற்றுத் தெருக்களிலிருந்து காற்று மரங்களைச் சாய்க்கும் வேகத்தில் உள்ளே பாய்ந்தது. ஓடியவர்களின் கால் உருகிய தாரில் சிக்கியது. நிலவறையில் பதுங்கியவர்கள் பலர் உடம்பில் தீப்படாமலேயே கார்பன் மோனாக்சைடில் இறந்தார்கள். ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 3 வரை நடந்த தாக்குதல்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 37,000 பேர், பெரும்பாலோர் அந்த ஓரிரவில். நான் சொல்ல வந்தது, காற்று தீயை நோக்கி ஓடுகிறது, தீயே தனக்கான காற்றை இழுத்துக்கொள்கிறது. சூறையில் சுழற்சிதான் முதலில் நினைவுக்கு வரும். என் ஓட்டு தீப்புயலுக்கு.

இரா. எழுதியது:
சரி, அதை ஒத்திவைப்போம். ‘ஏரியா பாம்பிங்’குக்குப் புதிதாக ஏன் சொல் படைக்க வேண்டும்? தொல்காப்பியம் போரைப் பாடும் வஞ்சித் திணையின் துறைகளில் ‘எரிபரந் தெடுத்தல்’ என்கிறதே. எரியும் இருக்கிறது, பரப்பும் இருக்கிறது!

தி. எழுதியது:
வஞ்சி பகைவர் நாட்டின் மேல் செல்வது. ஹாம்பர்க்கை அடித்தது நகரை முற்றுவது, உழிஞையில் அல்லவா தேட வேண்டும்? அதுவும் பொருந்தாது, உழிஞையில் மதிலைக் கைப்பற்ற ஆள் உள்ளே போக வேண்டும். இங்கே போனது குண்டு மட்டும். ஜெர்மன் ஊர் என்றதும் எம்டன் ஞாபகம் வருகிறது. 1914இல் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன கப்பலின் பேர் நம் வாயில் ‘அவன் பெரிய எம்டன்’ என்று தங்கிவிட்டது. அந்தப் பேருக்குரிய ஊரும் 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்தது. (தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.)

யோ. எழுதியது:
எங்கட பக்கம் இதுக்கெல்லாம் ஆரும் சொல் தேடேல்லை. விமானம் பொம்மர், பதுங்குகுழி பங்கர். சத்தம் கேட்டு ஓடுறவைக்கு அது காணும்.

க. எழுதியது:
என் குறை வேறு. ‘பரப்பு’ என்பதே மழுப்பல். 1941இல் எடுத்த கணக்கில், இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன பிரிட்டிஷ் விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு 8 கிலோமீட்டருக்குள்ளாவது போயிருந்தது. குறி பார்த்து அடிக்க முடியவில்லை, ஆகவே குறியைப் பெரிதாக்கினார்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கு வந்த 1942 பிப்ரவரி 14 ஆணை பகைநாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியையே குறியாகச் சொல்கிறது. மறுநாள் விமானப்படைத் தலைவர் போர்ட்டல், குறி கப்பல்துறையோ விமானத் தொழிற்சாலையோ அல்ல, கட்டடங்கள் நெருங்கிய பகுதிகள்தான் என்று தெளிவாக்கச் சொல்கிறார். அதாவது வீடுகள். அதற்குத் தமிழ் ‘நகரெரிப்பு’. ஹாம்பர்க் தாக்குதலுக்கே ‘கொமோரா’ என்று பேர் வைத்தவர்கள் அவர்கள். வானத்திலிருந்து கந்தகத்தையும் அக்கினியையும் ‘வருஷிக்கப்பண்ணி’ அழித்த ஊர் என்று தமிழ் விவிலியம் சொல்கிற அதே கொமோரா. சங்கேதப் பேரில் ஒளிவுமறைவு இல்லை, ஆணையில்தான் பூசி மெழுகல். நாமும் ஏன் மெழுக வேண்டும்?

செ. எழுதியது:
மெழுகியவன் மெழுகினான் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டாமா? படத்தில் அதிகாரி அலுங்காமல் ‘ஏரியா’ என்கிறார், அதே நேரம் திரையில் ஹாமர்புரூக் எரிகிறது. அவர் வாயில் நீங்கள் ‘நகரெரிப்பு’ என்று போட்டால் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

க. எழுதியது:
அதிகாரி பேசும்போது பரப்பு, சரி. பின்னணிக் குரல் தன் சொந்த வாயால் சொல்லும்போதும் பரப்பா? அதை நான் ஏற்கவில்லை, பதிவில் இருக்கட்டும்.

ம. எழுதியது:
இன்றோடு நேரம் முடிந்தது. பின்னணிக் குரலும் மூலத்தில் ‘ஏரியா’ என்றே சொல்வதால் எல்லா இடத்திலும் ‘பரப்புக் குண்டுவீச்சு’. ‘ஃபயர்ஸ்டார்ம்’முக்குத் ‘தீப்புயல்’. எல்லோருக்கும் நன்றி.

இரா. எழுதியது:
எரிசூறையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடலாமே.

ம. எழுதியது:
வசனவரியில் அடைப்புக்குறிக்கு ஏது ஐயா இடம். அப்புறம் இன்னொன்று, ராடாரை ஏமாற்ற முதல் இரவே அலுமினியம் பூசிய தாள் துண்டுகளை வானத்தில் கொட்டினார்கள். அதற்கு ‘விண்டோ’ என்று சங்கேதப் பேர். ‘சன்னல்’ என்று எழுதிவிட்டேன், சரிதானே?

இரா. எழுதியது:
சன்னல் போர்த்துகீசியம். காலதர் என்று சிலம்பிலேயே இருக்கிறது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. விரிவாக இன்று இரவு எழுதுகிறேன்.