பழைய வீடு வாங்கியவர்களே, உங்கள் காலை வாரியது எது?

திண்ணைவாசி:

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஓர் அக்கிரகார வீடு வாங்கினேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு. பதினேழு அடி அகலம், நூற்றுப் பத்து அடி நீளம். தெருவில் நின்று திண்ணைத் தூணைத் தடவியபோதே மனம் போய்விட்டது. தரகர் அதைக் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு விலையில் ஐந்து ரூபாய் குறையவில்லை.

தூணில் ஒரு குறையும் இல்லை. வினை கூரையில் இருந்தது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, மேலே தட்டோடு பதித்த தளம். கீழிருந்து பார்த்தால் கட்டைகள் இரும்புபோல இருந்தன. ஆசாரி அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி, கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் திருப்புளியால் குத்தினார். பதினோரு கட்டைகளில் நான்கில் திருப்புளி பிடிவரை இறங்கியது. "நடுவில் ஒன்றும் ஆகாது ஐயா, சுவருக்குள்தான் சாகும்" என்றார்.

எண்பதுகளில் யாரோ ஒழுக்கை நிறுத்துகிறேன் என்று தட்டோட்டின் மேல் சிமெண்ட் இழுத்திருக்கிறார்கள். அது வெடித்தது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே உலர வழியில்லாமல் கட்டை முனைகளில் போய்த் தங்கியது. கூடத்துச் சுவரிலும் இதே கதை. இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூச்சு. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியே தானாகக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிட்டது. பூச்சைக் கொத்தி எடுத்தபோது உள்ளே செங்கல் உப்புப் பூத்து மாவாகக் கொட்டியது. கிழட்டு வீடு என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். வயது அந்த வீட்டை ஒன்றும் செய்யவில்லை, பழுதுபார்த்தவர்கள்தான் செய்தார்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடவே இரண்டு மாதம் ஆயிற்று. கிடைத்தவருக்கு எழுபது வயதிருக்கும். சுண்ணாம்பைத் தொட்டியில் பதினைந்து நாள் ஊறப் போட்டார். அதில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் தனியாக ஊறின. கொல்லை முழுக்க எறும்பு. ஆறு லட்சம் என்று போட்ட கணக்கு பதினொன்றில் நின்றது. பழைய கட்டடம் என்று வங்கி முகம் சுளித்ததால் நகைதான் கை கொடுத்தது.

உங்களுக்கு எப்படி?

ஓட்டுவீடு:

உங்களுக்காவது வீடு கையில் இருக்கிறது. நாங்கள் இன்னொரு கோயில் ஊரில் இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டோம். மின் இணைப்பு, வீட்டு வரி எல்லாம் விற்பவர் பெயரில். வில்லங்கச் சான்றும் சுத்தம். ஆனால் அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், கோயிலுக்குச் சொந்தம். விற்பவருக்கு உரியது மேலே நிற்கும் கட்டடம் மட்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அடிமனை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கோயில் நிலத்தை விற்க 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். அது இல்லாமல் பத்திரம் பதிய முடியாது. மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்று விற்பவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. முன்பணம் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. வில்லங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு யாரும் பணம் கொடுக்காதீர்கள். நில அளவைப் பதிவேட்டில் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

வளவுக்காரன்:

செட்டிநாட்டில் கோயிலெல்லாம் குறுக்கே வராது. பங்காளிகள் போதும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு நடுத்தர வீடு. பர்மா தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், இன்னமும் முகம் தெரிகிறது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். பங்கு இருபத்து மூன்று புள்ளிக்கு, புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். சிலர் சென்னையில், சிலர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் அலைந்து பத்தொன்பது கையெழுத்து வாங்கினேன். இருபதாவது ஆச்சி, "என் கல்யாணச் சாமான் அந்த அறையில்தான் இருக்கிறது, நான் இருக்கிறவரை சாவி தர மாட்டேன் தம்பி" என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றின் வாசலில் அந்த வீட்டு முகப்புக் கதவு சாய்ந்து நின்றது. மேல்சட்டத்து கஜலட்சுமியின் மூக்கு உடைந்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். இதற்கும் இருபத்து மூன்று கையெழுத்து வேண்டுமா என்று கடைக்காரரிடம் கேட்க வாய் வந்தது.

திண்ணைவாசி:

கதவை வாங்கினீர்களா?

வளவுக்காரன்:

வாங்கினேன். எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் நுழையவில்லை. அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது.