வத்தல் பூசணம் பிடிப்பது பற்றி: சிங்கப்பூர் மதினிக்கும் மற்றவர்களுக்கும்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் மதினி போன வாரம் கேட்ட கேள்விக்கு அண்ணாச்சிமார் பதில் எழுதப்போய், பேச்சு கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அதற்கான வரிப்பணத்துக்கும் போய்விட்டது. கேள்வி அப்படியே நிற்கிறது. ஊரில் அத்தை செய்கிற மாதிரியேதான் சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) வத்தல் போட்டாராம். பால்கனியில் மூன்றாம் நாளே பூசணம் பூத்துவிடுகிறதாம்.

மதினி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. ஊரில் பாதி வேலையைக் கரிசல்காட்டுக் காற்று செய்துவிடுகிறது. சித்திரையில் கோவில்பட்டிப் பக்கம் கொடியில் போட்ட வேட்டி சீக்கிரமே மொடமொடவென்று ஆகிவிடும். துணி சட்டென்று காய்கிற இடத்தில்தான் வத்தலும் காயும். வெயிலில் காய்கறி உலர்த்த 30 டிகிரிக்குக் குறையாத சூடும், 60 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதமும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். பகலில் போகிற கொஞ்ச ஈரமும் ராத்திரியில் திரும்பி வந்துவிடும். பூசணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டு வைத்துக்கொள்ள வேண்டாம், குப்பையில் போட்டுவிடுங்கள்.

அத்தை முறையில் காயை மோரில் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட்டு, மோர் சுண்டும்வரை மூன்று நான்கு நாள் இழுப்பார்கள். உப்பும் புளித்த மோரும் காயைக் கெடாமல் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த நாள் நல்ல வெயில் அடிக்கும் என்ற தைரியத்தில் செய்கிற வேலை அது. ஈரக்காற்று ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யாதீர்கள். மோர் ருசி வேண்டுமென்றால் ஒரே ஒரு ராத்திரி, ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும்.

சரி, என்ன செய்யலாம்? காய் உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள், வேறு வழி தேட வேண்டாம். சீனியவரையில் முற்றல் வேண்டாம், நார் தட்டும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, உப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் மூன்று நான்கு நிமிஷம் போட்டு எடுங்கள். பச்சை நிறம் பளிச்சென்று வந்து, காய் லேசாக வளையும், அதுதான் பதம். வெந்து குழையக்கூடாது. இப்படிச் செய்யாமல் பச்சையாகவே காயவைத்தால் காயில் உள்ள நொதிகள் அடங்காது. சில மாதத்தில் வைக்கோல் வாடை வந்துவிடும். தண்ணீரை நன்றாக வடித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி, 55 முதல் 60 டிகிரியில் வையுங்கள். கனத்தைப் பொறுத்து 6 முதல் 10 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு 80 டிகிரிக்கு ஏற்றினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும், டப்பாவுக்குள் போனதும் குணத்தைக் காட்டும். ஆறவைத்த பிறகு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சத்தத்தோடு முறிய வேண்டும். ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் அளவில்தான் தேறும்.

சுண்டைக்காயை லேசாகத் தட்டிப் போடுங்கள், மிளகாயைக் கீறிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அந்த வழவழப்புத் தோலைத் தாண்டி ஈரம் வெளியே வராது.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு: ரியாத்காரர்கள் கோடையில் கவலையே படவேண்டாம், தூசிக்கு மேலே மெல்லிய துணி ஒன்றைக் கட்டினால் போதும். துபாய், நான் இருக்கும் மனாமா மாதிரிக் கடலோரத்தில் ஆகஸ்ட் வெயிலை நம்பாதீர்கள். அது வேர்க்க வைக்கிற வெயில், காயவைக்கிற வெயில் இல்லை. கனடாவில் ஹீட்டர் ஓடுகிற குளிர்காலத்தில் அறைக்காற்று நன்றாக வறண்டிருக்கும். கறிவேப்பிலையை வீட்டுக்குள்ளேயே காயவைத்துக்கொள்ளலாம், காய்களுக்கு அது போதாது. மின் அடுப்பில் (oven) வைப்பதாக இருந்தால் பலதும் 75 டிகிரிக்குக் கீழே இறங்காது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் அது சரிப்படாது.

முடிந்ததும் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்குப் போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் திரும்பவும் காயவைக்க வேண்டியதுதான். வெயிலில் காயவைத்தது என்றால் இரண்டு நாள் ஃபிரீசரில் போட்டெடுத்தால் பூச்சி முட்டை சாகும். புளிக்குழம்பில் போடுவதற்கு முன் சீனியவரை வத்தலைச் சுடுதண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். பொரிப்பதற்கு அப்படியே போடலாம், தீ மட்டும் குறைவாக இருக்கட்டும். கண்மூடித் திறப்பதற்குள் கருகும்.

மிதுக்க வத்தலுக்குத்தான் என்னிடம் வழி இல்லை. மழைக்குப் பின் கரிசலில் தானாகக் கொடி ஓடிக் காய்ப்பதை எந்த மெஷினும் தராது. கொடைக்கு ஊர் போகிறவர்கள் கூடுதலாக வாங்கி வந்தால் இங்கே நான்கு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளத் தயார். ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் மட்டும் விமான நிலையத்தில் அதை மறைக்காமல் எழுதிக் காட்டிவிடுங்கள். வத்தல் போனாலும் போகட்டும், அபராதம் வேறு கட்டவேண்டாம்.