மறு: ‘தீவு மீட்பு’ – வேறு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

எதிரி பிடித்த தீவைத் திரும்பக் கைப்பற்றுவதற்கு ‘மீட்பு’ இருக்கப் புதுச்சொல் எதற்கு என்று ஐயா நேற்று கேட்டிருந்தார். நான் இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கும் கட்டுரையில் அந்தச் சொல் இடறுகிறது.

அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் ஒன்று கிஸ்கா. இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூனில் அதை ஜப்பான் பிடித்தது. 1943 மே மாதம் அட்டுத் தீவு கடும் சண்டைக்குப் பின் அமெரிக்கர் கைக்குப் போனதும், கிஸ்காவும் நிற்காது என்று ஜப்பானுக்குப் புரிந்துவிட்டது. ஜூலை 28 அன்று மூடுபனிக்குள் கப்பல்கள் வந்து, ஐயாயிரத்துச் சொச்சம் வீரர்களை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. இது தெரியாமல் ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்கரும் கனடாக்காரர்களுமாக 30,000-க்கும் மேற்பட்டோர் போய் இறங்கினார்கள். வரவேற்றவை சில நாய்கள்! அப்படியும் பனியில் தங்கள் ஆட்களையே சுட்டுக்கொண்டும் கண்ணிவெடிகளில் சிக்கியும் பலர் செத்தார்கள்.

சரி, ‘கிஸ்கா மீட்பு’ என்றால் எது? ஜூலையா, ஆகஸ்டா? 2011-இல் தானே புயல் அடித்து, முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த கடலூர்க்காரனுக்கு மீட்பு என்றதும் ஆட்களைக் காப்பாற்றிக் கொண்டுபோன ஜூலைதான் தோன்றும். முதுநகர் கடைத்தெருவில் கேட்டால் அடகு நகை என்பார்கள்.

‘தரையிறக்கம்’ ஈழத்துப் பத்திரிகைகளில் பழகிய சொல்தான். ஆனால் விமானமும் தரையிறங்கும். தவிர, இறங்குவது வேலையின் தொடக்கம் மட்டுமே. ‘மீளக் கைப்பற்றல்’ பொருளில் சரி. ‘மீளக் கைப்பற்றல் நடவடிக்கைத் திட்டம்’ என்று நீட்டினால் வாய் வலிக்கிறது.

என் பரிந்துரை ‘கரந்தை’. பழந்தமிழ்ப் போர் இலக்கணத்தில் ஆநிரை (மாட்டு மந்தை) கவர்வது வெட்சித் திணை, கவர்ந்து போனவனிடமிருந்து மீட்பது கரந்தை. தொல்காப்பியர் இதை வெட்சிக்குள் அடக்கினார். பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகவே பிரித்துவிட்டது. நமக்கு வேண்டிய வேறுபாடும் இதுதானே? மாட்டுக்குப் பதில் தீவு, அவ்வளவுதான். கரந்தை நடவடிக்கை, கரந்தைப் படை என்று கிளைக்கவும் செய்யும். (ஜப்பானியர் பனியில் கரந்து, அதாவது மறைந்து, போனது வெறும் சிலேடை, அதை வாதமாக எடுக்க வேண்டாம்.)

தஞ்சாவூர் நண்பர்கள் அது எங்கள் ஊர்ப்பெயர் என்று சண்டைக்கு வரலாம். சித்த மருத்துவர் மூலிகை என்பார். முதல் தடவை ஒரு வரி விளக்கம் போட்டால் தீர்ந்தது.

ஜூலையில் நடந்ததற்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘படை வெளியேற்றம்’ என்றால் யாரோ துரத்தியது போல இருக்கிறது. இப்போதைக்கு ‘ஆளெடுப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்; எனக்கே பிடிக்கவில்லை. கட்டுரையைச் சனிக்கிழமை அனுப்ப வேண்டும், அதற்குள் தோன்றினால் எழுதுங்கள்.